ரிவால்வருக்கு வெந்நீர்

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை கிணற்றடியில் உட்கார்ந்து ரிவால்வரைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் துலக்கிக் கவிழ்த்த இரண்டு குத்துவிளக்குகள், ஒரு பித்தளைச் சொம்பு. அந்த வரிசையில் அடுத்தது என்பதுபோல அது அவர் கையில் இருந்தது. குழாயின் வலப்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருமை போய், எவர்சில்வர் கரண்டி மாதிரி வெள்ளை தெரிந்தது.

"அத்தை, கையை எடுங்க."

"வா கண்ணு. பஸ்சு நேரத்துக்கு வந்துச்சா? இங்க பாரு, எப்படிப் பளபளன்னு வருதுன்னு. இன்னும் ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளி இருந்தா முழுசும் முடிச்சிடலாம்."

"புளியைக் கீழ வைங்க. அதுல குண்டு இருக்குதா?"

"குண்டெல்லாம் டப்பாவுல போட்டு நெல்லு மூட்டைக்குப் பின்னால இருக்குது. நான் என்ன பைத்தியமா?"

அவர் சொன்னதை நம்பினேன். ஆனாலும் வாங்கி, நடுவில் மடித்துத் திறந்து, ஆறு துளைகளையும் என் கண்ணால் பார்த்தேன். காலி. இந்த வேலையில் முதல் கருவி கண். கடைசிக் கருவியும் அதுதான்.

ஈரத்துணியால் புளியை ஒற்றி எடுத்தேன். உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தேன். அத்தைக்கு முகம் வாடிவிட்டது.

துப்பாக்கியின் கருமை அழுக்கு அல்ல. செய்த இடத்திலேயே இரும்பின் மேல் ஏற்றிவிட்ட மெல்லிய படலம் அது. துரு பிடிக்காமல் காப்பது அதுதான். அமிலம் பட்டால் கரைந்துவிடும். புளி நல்ல அமிலம். குத்துவிளக்குக்குச் செய்யும் உபகாரத்தை அது துப்பாக்கிக்குச் செய்யாது.

இதைச் சொன்னதும் அத்தை கேட்டது ஒன்றுதான்: "அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ண முடியுமா, முடியாதா?"

மனு

அத்தை என் அப்பாவின் அக்கா. பொம்மிடியில் இறங்கி, சித்தேரி மலைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, அடிவாரத்தில் இறங்கினால் அவருடைய மாந்தோப்பு. தோப்புக்கு நடுவில் வீடு. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது.

மாமா காட்டுப் பொருள் குத்தகை எடுத்தவர். கடுக்காய், புளி, சீயக்காய். சந்தை நாட்களில் கையில் ரொக்கத்தோடு மலை ஏறி இறங்க வேண்டியிருந்ததால் ரிவால்வருக்கு லைசென்ஸ் வாங்கினார். அவர் இறந்தபின் லைசென்ஸ் அத்தை பெயருக்கு மாறியது. தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். ஒரு பெண் பெயரில் துப்பாக்கி என்பதை அந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

இப்போது முதல் புதுப்பிப்பு. வரும் வெள்ளிக்கிழமை ஆயுதத்தைத் தாலுகா ஆபீசுக்கு நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று தாக்கீது வந்திருந்தது. வழக்கமாக இவ்வளவு கெடுபிடி இருக்காது. மாமாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, ஒரு மனு கொடுத்திருந்தார். விதவைப் பெண்ணால் ஆயுதத்தைப் பராமரிக்க முடியவில்லை, அது துருப்பிடித்துக் கிடக்கிறது, குடும்பத்து ஆண் என்ற முறையில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது மனுவின் சாரம்.

இதில் சங்கடம் என்னவென்றால், அது உண்மையிலேயே துருப்பிடித்துத்தான் கிடந்தது.

"குடுத்துட்டுப் போங்களேன் அத்தை. நீங்க சுடவா போறீங்க?" என்று கேட்டேன்.

அத்தை குத்துவிளக்கைத் துடைத்தபடி பதில் சொன்னார். "நான் எதுக்குச் சுடறேன். அது அவன் கையில போகக் கூடாது. அவ்வளவுதான்."

சின்ன மாமாவை எனக்குச் சிறு வயதிலிருந்து தெரியும். சித்தேரியிலிருந்து தேன் கொண்டுவருவார். எங்களுக்கெல்லாம் உள்ளங்கையில் ஊற்றுவார். குடிக்காத நாளில் அவரைப்போல நல்ல மனிதர் கிடையாது. குடித்த ஒரு தீபாவளியன்று, மோட்டார் பம்பு தகராறில், பீரோவைத் திறந்து ரிவால்வரை எடுத்து அண்ணன் மார்பில் வைத்தார். குண்டு இருந்ததா இல்லையா என்று அவருக்கே தெரியாது. மாமா சிரித்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டார். அத்தை சிரிக்கவில்லை.

"தோப்பை எழுதிக் குடுன்னு நாலு வாட்டி வந்துட்டான். இன்னைக்குக் கையை வீசிட்டு வர்றான். நாளைக்கு அதை இடுப்புல வெச்சுட்டு வருவான். எனக்கு ராத்திரித் தூக்கம் வேணும் கண்ணு."

சந்தனம்

துரு எப்படி வந்தது என்று தெரியாமல் எதைக் கொண்டு எடுப்பது என்று முடிவு செய்ய முடியாது. அதனால் மாமா அதை எப்படி வைத்திருந்தார் என்று விசாரித்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று, அரிவாள், கடப்பாரை, தராசு, பம்பு செட் எல்லாவற்றோடும் ரிவால்வரையும் மணையில் வைப்பார்கள். மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். சந்தனம், குங்குமம் இடுவார்கள். கற்பூரம் காட்டியதும் மாமா அதை எடுத்து, தோப்பு ஓரமாகப் போய், வானத்தைப் பார்த்து ஒருமுறை சுடுவார். காக்கைகள் எழும்பும். பிறகு பொரி கொடுப்பார்கள்.

சுட்டபின் குழாயில் மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார். விளக்கெண்ணெய் தடவுவார். தோலுறையில் போட்டுப் பூட்டுவார். அடுத்த ஆயுத பூஜை வரை அதற்கு ஓய்வு.

மாமா போனபின் வந்த ஆயுத பூஜையில் அத்தை சுடவில்லை. மற்றதை எல்லாம் குறையில்லாமல் செய்தார். மாமா இருந்தால் செய்வதைவிடச் சந்தனம் கொஞ்சம் கூடுதலாகவே இட்டாராம். விட்டுப்போயிற்று என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக.

அந்தச் சந்தனம்தான் குண்டு போடும் உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இறுகிப்போய், உருளை சுற்றாமல் நின்றது.

என் மனதில் ஒரு வரிசை போட்டுக்கொண்டேன். மேலே சந்தனம். அதற்குக் கீழே பிசின்போல் இறுகிய விளக்கெண்ணெய். அதற்குக் கீழே கரி. எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணுக்குத் தெரியாமல், உப்பு. அந்தக் காலத்துக் குண்டுகளில் முதலில் பற்றிக்கொள்ளும் மருந்து எரிந்ததும் ஒருவகை உப்பை விட்டுச் செல்லும். சமையல் உப்பின் பங்காளி அது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி என்ன செய்கிறதோ அதையே அதுவும் செய்யும். காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி இரும்புக்குக் கொடுக்கும்.

நான்கு அழுக்கு. நான்குக்கும் ஒரே மருந்து இருக்க முடியாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

சோப்பில் எடுத்த அச்சு

நான் அப்போது தர்மபுரியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்டிரேட்டர். படிப்பு முடிந்து முதல் வேலை. நான் இப்போது எழுதும் இந்தப் பத்திக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: கெமிஸ்ட்ரி படித்ததால் வீட்டில் ஏதாவது பயன் உண்டா என்று. இந்த வாரக் கட்டுரை முழுவதும் அவருக்கான பதில்தான்.

சாமான் வாங்கத் தர்மபுரிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ரிவால்வரை எடுத்துப்போய்க் கடையில் காட்டிப் பொருத்தம் பார்க்க முடியாது. லைசென்ஸ் அத்தை பெயரில். நான் அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் குற்றம். அதனால் கைப்பிடியில் இருந்த திருகாணித் தலையின் மேல் ஒரு துண்டு சலவை சோப்பை அழுத்தி அச்சு எடுத்தேன். குழாயின் துளைக்கும் அதேபோல. சோப்பை வாழையிலையில் சுற்றிக்கொண்டேன்.

கடைவீதியில் எங்களுக்குப் பழக்கமான இரும்புக் கடை பாய், சோப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, முப்பது வருசமா கடை வெச்சிருக்கேன். சோப்புல அச்சு எடுத்துட்டு வர்றவன் ஒரே ஒரு தொழில்தான் பண்ணுவான். எந்த வூட்டுப் பூட்டு?"

"பூட்டு இல்லீங்க பாய். திருகாணி. இந்தப் பள்ளத்துல ஆடாம உக்கார்ற திருப்புளி வேணும்."

"எதுக்குன்னு சொன்னாத்தானே குடுக்கலாம்."

சொன்னேன். அவர் சோப்பைக் கல்லாப் பெட்டி மேல் மரியாதையாக வைத்தார். பிறகு உற்சாகமாகிவிட்டார்.

"அப்ப உப்புத்தாள் ரெண்டு வெச்சுக்க. ஒரு தேய், துரு பறந்துடும்."

"வேண்டாங்க."

"குழாய் குத்தறதுக்குக் குடைக்கம்பி?"

"அது இரும்புங்க. உள்ள கீறிடும். மூங்கில் சீவிக்கறேன்."

"துப்பாக்கிக்கு மூங்கிலு. நல்லா இருக்குது. பெட்ரோல்ல ஒரு முக்கு முக்கேன்?"

"அத்தை வூட்ல விறகடுப்புங்க."

"சரி, தேங்கா எண்ணெயாவது தடவுவியா, மாட்டியா?"

"மார்கழி வந்தா உறைஞ்சிடுங்களே. பிசினாட்டம் நிக்கும்."

பாய் கடைக்காரப் பையனைப் பார்த்தார். "டேய், இந்தம்மா எது கேட்டாலும் எடுத்துக் குடு. நாம எது சொன்னாலும் தப்பு."

நான் பின்பற்றிய விதி ஒன்றுதான். தேய்க்கும் பொருள், தேய்க்கப்படும் பொருளைவிட மிருதுவாக இருக்க வேண்டும். மூங்கில் இரும்பைக் கீறாது. பித்தளை அனேகமாகக் கீறாது. உப்புத்தாள் துருவையும் எடுக்கும், துருவுக்குக் கீழே இருப்பதையும் எடுக்கும். அதற்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

கடைசியில் என் பையில் சேர்ந்தவை: அச்சுக்குப் பொருந்திய திருப்புளி ஒன்று. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சின்ன புட்டி. டர்பன்டைன். ஆய்வகங்களில் கண்ணாடிக் குழாய் கழுவும் ஒல்லியான பிரஷ், கல்லூரிக்குச் சாமான் தருபவரிடமே காசு கொடுத்து வாங்கியது. அதன் முனையில் கம்பி நீட்டிக்கொண்டிருந்ததால் நூல் சுற்றினேன். அப்பாவின் கிழிந்த மல் வேட்டி ஒன்று. வெள்ளைத் துணி வேண்டும். அழுக்கு வருகிறதா, நின்றுவிட்டதா என்று வெள்ளைத் துணிதான் சொல்லும்.

ஸ்பிரிட்டும் கேட்டேன். விளக்கெண்ணெய் ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். பாய் கையெடுத்துக் கும்பிட்டார். "அதுக்குப் பெர்மிட்டு வேணும். நீ குடிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். போலீஸ்காரனுக்குத் தெரியாது."

தண்ணீர்

லீவு போட்டுவிட்டு மறுபடி தோப்புக்குப் போனேன். அடுப்பிலிருந்து தள்ளி, ஜன்னலுக்குக் கீழே, பழைய செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். குண்டு டப்பா அடுத்த அறையில். கைப்பிடியின் மரச் சில்லுகளைக் கழற்றினேன். ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையில் தாளின் மேல் இடமிருந்து வலமாக வைத்தேன். மேற்கொண்டு உள்ளே எதையும் பிரிக்கவில்லை. திரும்பப் பூட்டத் தெரியாததைப் பிரிக்கக் கூடாது.

சந்தனம் ஈரத்துணிக்கும் மூங்கில் சிம்புக்கும் இறங்கி வந்தது. உருளை ஒரு சத்தத்தோடு விடுபட்டுச் சுற்றியது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விளக்கெண்ணெய் இறங்கவில்லை. மண்ணெண்ணெய் விட்டேன். இரண்டும் கலக்காமல் மேலும் கீழுமாக நின்றன. அதை நான் ஆய்வகத்தில் பார்த்தே இருக்கிறேன். ஆனாலும் மண்ணெண்ணெய்க்கு எல்லாம் போகும் என்று ஊரே நம்புவதை நானும் பாதி நம்பியிருந்தேன். டர்பன்டைன் கொஞ்சம் அசைத்தது. வேட்டித் துணி பழுப்பாக வந்தது, திரும்பவும் பழுப்பாக வந்தது. தீருவதாக இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு வரலாம் என்று எழுந்தேன். கையில் எண்ணெய்ப் பிசுக்கு. கிணற்றடியில் சலவைச் சோடா இருந்தது. அதைப் போட்டுத் தேய்த்ததும் பிசுக்கு விட்டது. அங்கேயே நின்றுவிட்டேன்.

சோடா காரம். கருமையைக் கரைப்பது அமிலம். காரம் ஒன்றும் செய்யாது. பழைய எண்ணெயை அது சோப்பாக்கிவிடும். அடியில் இருக்கும் உப்பு எந்த எண்ணெயிலும் கரையாது, தண்ணீரில் மட்டும்தான் கரையும். ஆக, எனக்கு வேண்டியது கொதிக்கக் கொதிக்கச் சோடா போட்ட தண்ணீர்.

உள்ளே வந்து, "அத்தை, ஒரு குண்டான் வெந்நீர் வைங்க. நல்லா தளபுளன்னு கொதிக்கட்டும்," என்றேன்.

"குளிக்கப் போறியா?"

"துப்பாக்கிக்கு."

அத்தை என்னை உட்காரவைத்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"இரும்புல தண்ணி ஊத்தறதா? ஏங்கண்ணு, காலேஜில இதுதான் சொல்லிக் குடுத்தாங்களா? இதுக்கு நான் புளியே போட்டிருப்பேனே. அவன் மனுவுல துருன்னுதான் எழுதினான். நீ கரைச்சே குடுத்துடுவே போல."

வாயால் சொல்லிப் பயன் இல்லை என்று தெரிந்தது. இரண்டு கிண்ணம் எடுத்தேன். ஒன்றில் விளக்கெண்ணெய், ஒன்றில் சுடுதண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு கல் உப்பு போட்டுக் கரண்டியால் கலக்கச் சொன்னேன். தண்ணீரில் போட்டது போய்விட்டது. எண்ணெயில் போட்டது அப்படியே கிடந்தது. அத்தை அதைக் கரண்டியால் நசுக்கிக்கூடப் பார்த்தார்.

"இதுக்குள்ள இந்த உப்புத்தான் இருக்குது அத்தை. வருசா வருசம் சுட்டது. மாமா அதுக்கு மேல எண்ணெயைத் தடவி மூடி வெச்சாரு."

அத்தை எண்ணெயில் கிடந்த கல் உப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளினார்.

கொதிக்கும் சோடாத் தண்ணீரைப் புனல் வைத்துக் குழாயின் பின்பக்கமிருந்து விட்டேன். முன்முனையில் முதலில் கறுப்பாகவும், பிறகு பழுப்பாகவும், பிறகு தெளிவாகவும் வந்தது. பிரஷ்ஷைப் பின்பக்கமிருந்தே நுழைத்து, முன்னால் வரும்வரை தள்ளி இழுத்தேன். ஆறு துளைகளுக்கும் அப்படியே. கடைசியாகச் சோடா போடாத வெறும் வெந்நீர். இரும்பு தொட முடியாத சூடாகிவிட்டதால் ஈரம் தானாகவே ஆவியாகிப் பறந்தது. கொதிக்க வேண்டும் என்பதன் காரணம் அதுதான். ஆறிய தண்ணீர் ஊற்றியிருந்தால் அத்தை பயந்தது நடந்திருக்கும்.

ஆறுவதற்குள் உலர்ந்த துணி, பிறகு மிஷின் எண்ணெய். சொட்டு அதிகம் விடவில்லை. எண்ணெய் மினுக்க வேண்டும், வழியக் கூடாது. வெளியே இருந்த துருவைப் பித்தளைத் தகட்டின் ஓரத்தால் எண்ணெய் விட்டுச் சுரண்டினேன். நம்பருக்குள் இறுகியிருந்ததை மூங்கில் சிம்பால் மட்டும். அங்கே ஊசி படக் கூடாது. துப்பாக்கி நம்பரில் ஒரு கீறல் விழுந்தால் அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜன்னல் வெளிச்சத்தில் குழாயின் உள்ளே பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஆனால் அம்மை வடு மாதிரி சின்னச் சின்னக் குழிகள்.

"இது போகாது அத்தை. துரு தின்ன இடம். பல வருசத்துது. உங்க கையில வந்தப்புறம் ஆனது இல்ல. பார்க்கிறவங்க கேட்டா அப்படியே சொல்லிடலாம்."

"அதெல்லாம் சொல்ல வேண்டாம்," என்றார் அத்தை.

"ஏங்க?"

"போனவரைப் பத்திப் பத்துப் பேரு முன்னால எதுக்கு? அவரு பெருமையா வெச்சிருந்தாரு. நீ வாயைத் திறக்கக் கூடாது."

சரி என்றேன். மீதியிருந்த நேரத்தில் அதைத் திறந்து, காலி என்று பார்த்து, காட்டி, மூடக் கற்றுக்கொடுத்தேன். முதலில் இரண்டு கையாலும் முறுக்குப் பிழிவதுபோல் அமுக்கினார். பிறகு பிடிபட்டது.

வெள்ளைக் காகிதம்

வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசில் சின்ன மாமா எங்களுக்கு முன்பே வந்திருந்தார். சலவை வேட்டி, நெற்றியில் விபூதி. "வாங்க அண்ணி, வா கண்ணு," என்று நாற்காலி இழுத்துப்போட்டார்.

தாசில்தார் மேசையருகில் ஆயுதப்படை ஏட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி பார்ப்பதற்காக வரவழைத்தவர். அத்தை மடியில் இருந்த துணி மூட்டையை அவிழ்த்து, ரிவால்வரை மடித்துத் திறந்து, உள்ளே பார்த்து, காலி என்று காட்டி, மேசையில் வைத்தார். முனை சுவரைப் பார்த்து இருந்தது. சின்ன மாமா அதைக் கவனித்தார்.

ஏட்டு நம்பரை லைசென்ஸோடு ஒத்துப்பார்த்தார். உருளையைச் சுற்றினார். விசையை இழுத்துப் பார்த்தார். புளி தின்ற வெள்ளைத் திட்டைப் பார்த்து, "இது என்னங்கம்மா?" என்றார்.

"புளிங்க. நான்தான். தெரியாம."

ஏட்டு மேசையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கிழித்துக் குழாயின் பின்னால் பிடித்து, முன்னாலிருந்து கண் வைத்துப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"குழாய்ல குழி இருக்குதுங்க ஐயா. நிறைய."

தாசில்தார் மனுவைப் புரட்டினார். "பராமரிப்பு இல்லைன்னுதானே இவரும் எழுதியிருக்காரு."

"அதைத்தானுங்க நான் சொன்னேன்," என்றார் சின்ன மாமா, பணிவாக. "அண்ணி பாவம், பொம்பளை. அவங்களை நான் குத்தம் சொல்லலீங்க."

தாசில்தார் பேனாவைத் திறந்தார். நான் அத்தையைப் பார்த்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அத்தை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டார்.

"அந்தக் குழி எங்க வூட்டுக்காரர் காலத்துதுங்க," என்றார். "வருசா வருசம் சுட்டுட்டு உப்பைக் கழுவாம எண்ணெயைத் தடவி வெச்சுட்டாரு. அவருக்குத் தெரியலீங்க. நல்லா வெச்சிருக்கறதாத்தான் நெனச்சாரு. நான் வெந்நீர் விட்டுக் கழுவினேன். இப்ப அதுல துரு இருந்தாக் காட்டுங்க."

ஏட்டு தன் கைக்குட்டையின் ஓரத்தை முறுக்கிக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். எண்ணெய் மினுக்கம் மட்டும்தான் வந்தது.

"துரு இல்லீங்க ஐயா. குழி பழசு." பிறகு சின்ன மாமாவைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார். "உங்க கையில குடுத்தா எப்படிங்க சுத்தம் பண்ணுவீங்க?"

"மண்ணெண்ணெய் விட்டுத் தொடச்சு, விளக்கெண்ணெய் போடுவேங்க. எங்க அண்ணன் செஞ்சாப்பல."

"தண்ணி?"

"இரும்புல யாராச்சும் தண்ணி விடுவாங்களா சார்?"

ஏட்டு காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டார். தாசில்தார் அத்தையின் லைசென்ஸில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே புளியமரத்தடியில் சின்ன மாமா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "செத்தவர் மேல பழியைப் போட்டுட்டீங்களே அண்ணி."

"ஆமா சாமி," என்றார் அத்தை. "அவரு இருந்தா கோவிச்சுக்குவாரு. அப்புறம் சோறு கேப்பாரு."

சேலம் பஸ்

பொம்மிடி பஸ் நின்றுகொண்டிருந்தது. அத்தை அதைத் தாண்டி நடந்து சேலம் பஸ்ஸில் ஏறினார். நான் பின்னால் ஏறினேன். உட்கார்ந்தபிறகுதான் சொன்னார்.

சேலத்தில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை இருந்தது. அத்தை ரிவால்வரையும், பையில் கையோடு எடுத்துவந்திருந்த குண்டு டப்பாவையும் அங்கே விற்கப் போகிறார்.

"இதுக்கா அத்தை இத்தனை பாடு? அப்பவே ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருக்கலாமே."

"ஸ்டேஷன்ல குடுத்தா அங்கியேதான் கெடக்கும். அவன் போயி எழுதிக் குடுத்து வாங்கிக்குவான். லைசென்ஸ் உசுரோட இருந்து, என் பேர்ல இருந்தாத்தான் நான் யாருக்குக் குடுக்கறதுன்னு நான் சொல்ல முடியும். வக்கீல் ஐயா கிட்ட எல்லாம் கேட்டுட்டேன்."

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ இவ்வளவு சுத்தமாத் தேய்ச்சிருப்பியா?"

கடைக்காரர் குழாய்க்குள் பார்த்தார். குழிகளுக்கு உதட்டைப் பிதுக்கினார். ஆனால் உருளையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே வெச்சிருக்கீங்க, ஏங்கம்மா விக்கிறீங்க?" என்றார்.

"நல்லா இருக்கும்போதே குடுத்துடணுங்க. பொண்ணைக் குடுக்கறாப்பல."

காலித் தோலுறையை அவர் எடுத்துக்கொள்ளச் சொன்னபோது அத்தை மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதைப் பீரோவில் பழைய இடத்திலேயே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"வித்ததை யார்கிட்டயும் சொல்லாத. உங்கப்பன் கிட்டயும்."

சின்ன மாமா முன்பெல்லாம் செருப்போடு சமையலறை வரை வருவார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தோப்புப் படலுக்கு வெளியே நின்று, "அண்ணி, வரலாங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். குடித்த நாட்களில் வரவே இல்லை. தோப்பை எழுதிக் கொடுக்கச் சொல்லும் பேச்சும் நின்றது. தாலுகா ஆபீசில் அத்தை அதை மடித்துத் திறந்த விதத்தை அவர் ஊரில் பலரிடம் சொல்லியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. சொல்லச் சொல்ல அது வேகமாகிக்கொண்டே போயிருக்கிறது.

போன வருடம் அத்தை தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு தர்மபுரிக்கு வந்துவிட்டார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். சின்ன மாமா அங்கேதான் இருக்கிறார், யாராவது படித்துச் சொல்லிவிடுவார்களே என்றேன்.

அத்தை காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எழுது கண்ணு. யாரு படிச்சுச் சொன்னாலும் அவன் நம்ப மாட்டான். இத்தனை வருசம் காலிப் பீரோவுக்குப் பயந்தேன்னு எந்த ஆம்பளை ஒத்துக்குவான்?"